பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பயங்கரக் கதையைக் கொடுக்கலாமா?

ஒழுங்கைவாசி

பற்றிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' நாவலை வாசித்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? என் தம்பி மருதானைப் பழைய புத்தகக் கடையில் கண்டு, "மருமகனுக்கு" என்று வாங்கி வந்து தந்துவிட்டுப் போனான். கொடுப்பதற்கு முன் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். முடித்துவிட்டுத்தான் கீழே வைத்தேன். இப்போது அது அலுமாரியின் மேல்தட்டில், பழைய கலியாண அல்பங்களுக்குப் பின்னால் இருக்கிறது.

வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொனர் என்ற பதின்மூன்று வயதுப் பையன். அப்பா வேறு குடும்பத்துடன் அமெரிக்காவில். அம்மாவுக்குப் புற்றுநோய். வீட்டின் பின்னால் தெரியும் கல்லறைத் தோட்டத்து மரம் நள்ளிரவு தாண்டி ஏழாவது நிமிடத்தில் பூதமாக எழுந்து வருகிறது. மூன்று கதை சொல்வேன், நான்காவது கதையை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. பையனுக்குப் பூதத்தைக் கண்டு பயமே இல்லை. அதைவிடப் பயங்கரமான கனவு ஒன்று அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

என் சிக்கலுக்கு வருகிறேன். எங்கள் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு மார்பகப் புற்றுநோய். மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சிகிச்சைக்குப் போய் வருகிறோம். மகனிடம் "அம்மம்மாவுக்குச் சுகர் கொஞ்சம் கூட, கிளினிக்குக்குப் போகிறோம்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். கனடாவில் இருக்கும் என் அக்காதான் அப்படிச் சொல்லச் சொன்னார். மகன் எதுவும் கேட்பதில்லை. ஆனால் இரவில் நடை விளக்கை அணைக்க விடுவதில்லை. எழுந்து போய் அம்மம்மாவின் அறை வாசலில் நின்று, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுக்கிறான். நான் பார்ப்பது அவனுக்குத் தெரியாது.

இந்தப் புத்தகம் அவனுக்கு மருந்தா, நஞ்சா? வாசித்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக் குருவி

கொடுக்காதீர்கள் அக்கா. நான் இதை வாசிக்கவில்லை, ஆனால் நீங்கள் எழுதிய சுருக்கமே போதும். பிள்ளைக்கு ஏற்கெனவே சுமை இருக்கிறது, அதற்கு மேல் ஒரு மூட்டையா? சிரிப்பூட்டுகிற புத்தகமாகப் பார்த்துக் கொடுங்கள்.

2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அதன்பின் நீண்ட காலம் மணிச்சத்தம் கேட்டாலே என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். நாங்கள் அவளுக்குக் கதை எதுவும் கொடுக்கவில்லை. அவளுடைய பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு முதலில் தெருமுனை வரை போனார். பிறகு வாசல் வரை. அதற்கும் பிறகுதான் உள்ளே. இடையில் திரும்பி வந்த நாட்களும் உண்டு. பயம் போனது அப்படித்தான். பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். புத்தகம் கையைப் பிடித்துக்கொண்டு கூட வருமா?

பழைய புத்தகக்காரன்

வாசிக்காமலே தீர்ப்பா, குருவி!

தகவலுக்காகச் சில விடயங்கள். இந்த நாவலின் மூலக் கரு ஷிவோன் டவுட் என்ற எழுத்தாளருடையது. பாத்திரங்களையும் தொடக்கத்தையும் அவர் யோசித்து வைத்திருந்தார். எழுதி முடிக்க வாழ்க்கை இடம் கொடுக்கவில்லை. 2007இல், 47 வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்துவிட்டார். நெஸ் அதை எடுத்துத் தன் போக்கில் எழுதினார். நூல் 2011இல் வந்தது. அடுத்த ஆண்டு எழுத்துக்குக் கார்னகி பதக்கமும் ஓவியத்துக்குக் கேட் கிரீனவே பதக்கமும் இதே புத்தகத்துக்குக் கிடைத்தன. 2016இல் படமாகவும் வந்தது.

ஜிம் கேயின் ஓவியங்களைப் பற்றி ஒரு சொல். எழுத்தைவிட அவைதான் பயமுறுத்தும். முழுக்கக் கறுப்பு வெள்ளை. பல பக்கங்களில் மை வழிந்து எழுத்துப் பகுதிக்குள் நுழைந்துவிடும். பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் பகலில் கொடுங்கள். ஓவியம் இல்லாத பதிப்புகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றை வாசிப்பது பாதி நாவலை வாசிப்பது என்பது என் கட்சி.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் நீல் கெய்மனின் 'கோரலைன்' இருக்கிறது, 2002இல் வந்தது. கண்ணுக்குப் பதிலாகப் பொத்தான் தைத்த 'மற்ற அம்மா' வருகிற கதை. அதில் ஓர் இடத்துக்காகவே நான் பலருக்கு அதைச் சிபாரிசு செய்வேன். கோரலைன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவோடு நடந்து போகையில் குளவிக் கூட்டை மிதித்துவிடுகிறார்கள். அப்பா "ஓடு" என்று கத்திவிட்டு, அவள் தப்பும் வரை அங்கேயே நின்று 39 கொட்டுகள் வாங்குகிறார். அன்று மாலை, விழுந்துபோன தன் மூக்குக்கண்ணாடியை எடுக்க அதே இடத்துக்குத் திரும்பிப் போகிறார். முதலில் நின்றது துணிச்சல் இல்லை, அப்போது தனக்குப் பயமே தோன்றவில்லை என்கிறார் அவர். குளவி இருக்கிறது என்று தெரிந்து, பயந்துகொண்டே இரண்டாவது முறை போனதுதான் துணிச்சலாம். தன் பெற்றோரைத் தேடி அந்தக் கதவுக்குள் மறுபடி நுழைவதற்கு முன் கோரலைன் இதை ஒரு பூனையிடம் சொல்கிறாள்.

குருவி, உங்கள் மகள் தெருமுனை வரை போனதும் இதே கதைதான்.

வெண்கட்டி

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். கொழும்பில் தமிழ் மொழிமூல வகுப்புகளில்தான் காலம் போனது. நாவலை இரண்டு முறை வாசித்திருக்கிறேன். ஒழுங்கைவாசி, நீங்கள் கேட்கும் கேள்வியே கொஞ்சம் விலகி நிற்கிறது. பயத்தை இந்தப் புத்தகம் உங்கள் வீட்டுக்குள் கொண்டுவரப் போவதில்லை. இரவில் அறை வாசலில் நிற்கும் பிள்ளைக்கு 'சுகர்' கதையில் நம்பிக்கை போய் எத்தனையோ காலமாகியிருக்கும். அவன் கேட்காமல் இருப்பது, நீங்கள் சொல்ல விரும்பவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருப்பதால். உங்களைக் காப்பாற்றுகிறான்.

சாவு என்பது திரும்பி வராதது, எல்லாருக்கும் உரியது என்பது ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். பதினொரு வயதுப் பையனுக்கு அது புதுச் செய்தி இல்லை. புரியாமல் இருப்பது வேறொன்று. தான் நினைத்ததாலோ சொன்னதாலோ கெட்டது நடந்துவிட்டது என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். "உன்னோடு கதைக்க மாட்டேன் போ" என்று அம்மம்மாவிடம் ஒருநாள் கத்தியிருப்பான், அடுத்த வாரம் அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பார்கள். அவனுடைய கணக்கில் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பூதம், கல்லறை எல்லாம் வாசலில் கட்டிய தோரணம். கொனருடைய கனவில் அம்மா ஒரு மலை விளிம்பில் தொங்குகிறார், அவன் கையைப் பிடித்திருக்கிறான், கை நழுவுகிறது. யாரிடமும் சொல்லாத உண்மை என்னவென்றால், கை தானாக நழுவவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருக்க அவனால் முடியும். இந்த வேதனை எப்போது முடியும் என்று அவனுக்குள் ஓர் எண்ணம் இருந்தது, அதனால் விட்டுவிட்டான். அந்த எண்ணம்தான் அம்மாவைக் கொல்கிறது என்று நினைத்துக்கொண்டு ஊமையாகத் திரிகிறான். மனிதருக்கு ஒரே நேரத்தில் நேர்மாறான இரண்டு ஆசைகள் வரும், நினைப்பது குற்றமில்லை, என்ன செய்கிறாய் என்பதுதான் முக்கியம் என்று பூதம் அவனுக்கு எடுத்துச் சொல்கிறது.

வருத்தக்காரரை வைத்துப் பார்த்த எந்தப் பெரியவருக்கு அந்த எண்ணம் ஒரு தடவையாவது வரவில்லை? நாங்கள் கோயிலில் போய் அழுதுவிட்டு வருகிறோம். பிள்ளை எங்கே போவது?

இன்னோர் இடத்தையும் சொல்ல வேண்டும். கொனர் அம்மம்மாவின் வரவேற்பறையை அடித்து நொறுக்குகிறான். யாரும் தண்டிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அளவுக்கு அடிக்கிறான். அதிபர் அம்மாவும் தண்டிக்கவில்லை, தண்டித்து என்ன பயன் என்கிறார். அவன் ஏங்கியது தண்டனைக்கு. தண்டித்தாலாவது தானும் மற்றப் பிள்ளைகளைப் போன்றவன் என்று ஆகும். வகுப்பில் தாயை இழந்த பிள்ளை வந்தால் நாங்கள் ஆசிரியர்கள் செய்வதும் இதுதான். "பாவம், விடு" என்போம். வீட்டுப்பாடம் செய்யாவிட்டாலும் கேட்க மாட்டோம். மற்றப் பிள்ளைகளும் அவனோடு சண்டை பிடிப்பதை நிறுத்திவிடுவார்கள். அன்பு என்று நினைத்து அவனைக் கண்ணுக்குத் தெரியாதவனாக ஆக்கிவிடுகிறோம். இதை எந்தப் பயிற்சிக் கலாசாலையும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இடியப்பத்தட்டு

ரீச்சர், முழுக் கதையையும் சொல்லிவிட்டீர்களே! நேற்றுத்தான் நூலகத்தில் இருந்து எடுத்து வந்தேன்.

வெண்கட்டி

முடிவை இன்னும் சொல்லவில்லை மகளே. போய் வாசி.

மழைக்கோட்டு

எனக்கு இந்த நாவலில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அதைச் சொல்லும் முன் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அக்கா, எல்லாருக்கும் ஓர் அறை. போர்க்காலம், இரவில் பொலிஸார் சோதனைக்கு வருவார்கள். பூட்ஸ் சத்தம் படியில் ஏறும்போதே அப்பா பொலிஸ் பதிவுத் துண்டையும் அடையாள அட்டையையும் தலையணைக்கு அடியில் இருந்து எடுத்து மேசையில் வைப்பார். அட்டை மேலே, துண்டு கீழே, இரண்டின் விளிம்பும் நேராக. பிறகு எங்களைப் பார்த்து "ஒன்றுமில்லை, படுங்கள்" என்பார். அவருடைய கை ஆடும். 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தச் சத்தம் அடிக்கடி கேட்டது. "ஒன்றுமில்லை" என்ற சொல் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசையும். ஆகவே ரீச்சர் சொல்வது எனக்குப் புரிகிறது. பயத்தைவிட, பயமில்லை என்று சொல்லும் முகம்தான் அதிகம் பயமுறுத்தியது.

ஆனால் என் மனத்தாங்கல் இதுதான். நெஸ்ஸின் பையன் தனியன். அப்பா வெளிநாட்டில், அம்மம்மாவோடு ஒட்டவில்லை, ஒரேயொரு தோழியோடும் கோபம். அதனால்தான் அவனுக்குப் பூதம் தேவைப்படுகிறது. எங்கள் வீடுகளில் வருத்தம் என்றால் சித்தி வந்துவிடுவார், மாமி ரசம் கொண்டுவருவார், பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் போதி பூசை செய்து நூல் கட்டிவிடும். எங்கள் வீட்டில் பிள்ளை தனியாக இருக்கவே முடியாது. 'உண்மையைச் சொல்' என்று ஒரு பிள்ளையை மலை விளிம்பில் தனியே நிறுத்துகிற கதை எங்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்?

வெண்கட்டி

சித்தியும் மாமியும் வந்ததும் முதலில் செய்வது என்ன தம்பி? "பிள்ளை, நீ உள்ளே போய் விளையாடு."

மழைக்கோட்டு

அதற்குப் பதில் இல்லை ரீச்சர். ஆனாலும் ரசம் ரசம்தான்.

இரவுப்பணி

தாதியாக வேலை செய்கிறேன், எங்கே என்று சொல்லவில்லை. நோயாளியின் வீட்டுப் பிள்ளைகள் எங்களைத் தனியே பிடித்துக் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். என்னாலா வந்தது? எனக்கும் தொற்றுமா? அம்மா இல்லாவிட்டால் என்னை யார் பார்ப்பார்கள்? பெரியவர்கள் தேத்தண்ணீர் வாங்கப் போன இடைவெளியில் கேட்பார்கள். ஒருமுறை ஒரு சின்னப் பெண், அம்மாவின் கோப்பையில் தண்ணீர் குடித்துவிட்டதாகச் சொல்லி அழுதாள். புற்றுநோய் அப்படித் தொற்றாது என்று சொன்னதும் அவளுடைய தோள் இறங்கியதை இன்னும் மறக்கவில்லை. அந்த ஒரு வரியை வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஒழுங்கைவாசி அக்கா, நாவலில் வரும் மரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது யூ மரம். கொனரின் அம்மாவுக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து யூ மரத்தில் இருந்து வருகிறது. இது எழுத்தாளரின் கற்பனை இல்லை. பசுபிக் யூ மரத்தின் பட்டையில் இருந்து எடுத்ததுதான் பக்லிடாக்ஸல். ஐரோப்பிய யூவின் இலையில் இருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு டொசிடாக்ஸல் செய்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டையும் பயன்படுத்துகிறோம். உங்கள் அம்மாவின் சிகிச்சைத் தாளிலும் இவற்றில் ஒன்று இருக்கலாம். நாவலில் அந்த மருந்து பலன் தருவதில்லை. வாசிக்கும்போது மகன் அம்மம்மாவின் மருந்துப் பெயரோடு இதைப் பொருத்திவிட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். ஒவ்வொருவருக்கும் நோயின் நிலை வேறு, மருந்துக்கு உடல் கொடுக்கும் பதிலும் வேறு. உங்கள் அம்மாவின் நிலையை வைத்தியரிடம் நேராகக் கேட்டுக்கொண்டு, அதைத்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

யூ மரம் இங்கே இல்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை. நித்தியகல்யாணி இருக்கிறதே! நாங்கள் பட்டிப்பூ என்போம், சுடுகாட்டு ஓரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும். அதில் இருந்துதான் வின்கிறிஸ்டீன், வின்பிளாஸ்டீன் என்ற மருந்துகள் வந்தன. குருதிப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு வின்கிறிஸ்டீனை 1960கள் முதல் கொடுத்து வருகிறார்கள். (யாரும் வீட்டில் பறித்து அவித்துக் குடிக்க வேண்டாம். அந்தச் செடி நஞ்சு, யூவும் நஞ்சு. இதைப் பெரிய எழுத்தில் வாசிக்கவும்.)

கொட்டாஞ்சேனைக் குருவி

சரி, தோரணம் கட்டுகிற பூதத்தோடு நான் சமாதானமாகிவிடுகிறேன். ஆனால் என் கேள்வி நிற்கிறது. வாசிக்கும்போது அவனுக்குப் பக்கத்தில் யார் இருக்கப் போகிறார்கள்? புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டால் அது 'உள்ளே போய் விளையாடு' என்பதன் இன்னொரு வடிவம்தானே? புலமைப்பரிசில் பரீட்சைக்கு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வித்தாள் செய்விக்கத் தெரிந்த எங்களுக்கு, இதற்கும் உட்காரத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. புத்தகத்துக்கு முன்னால் வாய் திறக்க வேண்டியது நீங்கள். கல்லறை மரம் வந்து சொல்லித்தான் அவன் தன் அம்மம்மாவின் வருத்தத்தின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பழைய புத்தகக்காரன்

வாசிக்காதவர் சொன்னதுதான் இந்த இழையிலேயே உருப்படியான யோசனை. தலை வணங்குகிறேன் குருவி.

ஒழுங்கைவாசி

எல்லாருக்கும் நன்றி. தாமதமாக வருகிறேன், நடுவில் சிகிச்சை நாளும் வந்துபோனது.

முதலில் அம்மாவிடம் கேட்டேன். அவருடைய வருத்தத்தை அவருடைய பேரனிடம் சொல்ல அவர்தான் அனுமதி தர வேண்டும் என்று தோன்றியது. அம்மா பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவனுக்குத் தெரியும். என் தலைமயிர் உதிர்ந்ததைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளினவன் அவன்தான். சுகருக்கு மயிர் கொட்டுமா என்று என்னிடம் கேட்டான். உன் அம்மாவிடம் கேள் என்றேன். அம்மா அழுவா என்றான்" என்றார்.

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது சண்டைதான். அதை இங்கே விரிக்கவில்லை.

மகனுக்கு அம்மாவும் நானுமாகச் சேர்ந்து சொன்னோம். பெயரைச் சொன்னோம், என்ன மருந்து, எதற்காக மஹரகம, வைத்தியர் என்ன சொல்கிறார் என்பதையும் சொன்னோம். இரவுப்பணி தங்கை எழுதிய மூன்று கேள்விகளுக்கும் அவன் கேட்காமலே பதில் சொன்னேன். இரண்டாவதற்கு "அது எனக்குத் தெரியும், விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது" என்றான். முதலாவதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்ட பிறகு அம்மம்மாவிடம் போய், முன்பொரு நாள் தொலைக்காட்சிக்காகச் சண்டை பிடித்ததைப் பற்றி ஏதோ கதைத்துக்கொண்டிருந்தான். நான் கிட்டப் போகவில்லை. நடை விளக்கு இன்னும் எரிகிறது. எரியட்டும்.

அதன் பிறகுதான் புத்தகம். நான் ஆங்கிலத்தில் ஒரு துண்டை வாசித்துத் தமிழில் சொல்வேன், படத்தை அவன் பார்ப்பான். அம்மாவும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அவரைத் தடுக்க எனக்குத் துணிவில்லை. முதல் கதை முடிந்ததும் மகனுக்குக் கடும் கோபம். தன் காதலியைத் தானே கொன்றுவிட்டுப் பழியை ராணிமேல் போட்ட இளவரசன், பிறகு ஊர் போற்றும் நல்ல அரசனாக இருந்தானாம், இது என்ன நியாயம் என்கிறான். அரசியல் என்றேன்.

இரண்டாவது கதையில்தான் வீடு இரண்டுபட்டது. மருந்துக்காரன் யூ மரத்தைக் கேட்கிறான், பாதிரியார் கொடுக்க மறுப்பதோடு ஊரையும் அவனுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறார். பிறகு பாதிரியாரின் இரண்டு மகள்களும் நோயில் விழ, அதே மருந்துக்காரனிடம் ஓடி, மரத்தையும் தருகிறேன், என் நம்பிக்கையையும் விட்டுவிடுகிறேன் என்று கெஞ்சுகிறார். அவன் கைவிரிக்கிறான், பிள்ளைகள் இறந்துபோகிறார்கள். பூதமோ பாதிரியாரின் வீட்டைத்தான் இடிக்கிறது. மகன் பூதத்தின் பக்கம். நான் பாதிரியாரின் பக்கம், பிள்ளைக்காகக் கொள்கையை விடாத தகப்பன் உண்டா? அம்மா இரண்டு பேருக்கும் பூவரசம் தடியால் நாலு போட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மருந்துக்காரனுக்கு இரண்டு கூட என்றார். நோயாளியின் தகப்பன் வாசலில் வந்து நிற்கும்போது பழைய கோபத்தை நினைப்பவன் வைத்தியனே இல்லையாம்.

மூன்றாவது கதை சனிக்கிழமைக்கு. பையன் அடிபடுகிற இடம் வருவதால் கொஞ்சம் யோசனையாக இருக்கிறது.

மழைக்கோட்டு

அம்மாவுக்கு என் வணக்கம், ஆனால் அப்பீல் செய்கிறேன். மருந்துக்காரனின் தொழிலைக் கெடுத்தது யார்? ஊரே அவனைக் கைவிட்ட பிறகு, மரமும் கிடைக்காமல், அவனிடம் மருந்து எங்கே இருந்திருக்கும்? முடியாது என்றது கோபத்தால் என்று நாவலில் எங்கே இருக்கிறது? கூடுதலான இரண்டு அடியும் பாதிரியாருக்கே போக வேண்டும். அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.